ஈச்சம்பள்ளத்து வெள்ளோட்டம்

அந்தியூரிலிருந்து மலைக்கு ஏறுகிற ரோட்டில், கடைசிப் பெட்ரோல் பங்கைத் தாண்டினால் கலாமணியின் பட்டறை. வண்டிக்குக் கால் வலி என்றால் எல்லோரும் அங்கேதான் வருவார்கள். சக்கரம், ஸ்பிரிங், ஸ்டீயரிங், இந்த மூன்றைத் தவிர வேறெதையும் அவள் தொடமாட்டாள். இன்ஜின் என்று யாராவது வாயெடுத்தால், "அது எதுத்த பட்டறைங்க" என்று கையைக் காட்டிவிடுவாள்.

அவளுக்கு ஒரு சீடர் இருந்தார். பெயர் ராக்கியப்பன்.

சீடர் என்றதும் மீசை முளைக்காத பையன் என்று நினைத்துவிட வேண்டாம். ஐம்பதைத் தாண்டியவர். குருவைவிட ஒரு மாமாங்கம் மூத்தவர். பாதி ஆயுளை லாரியில் கழித்தவர். பார்வை மங்கி, எதிர் வண்டி விளக்கு கண்ணைக் குத்த ஆரம்பித்ததும், இனி ஓட்டியது போதும் என்று இறங்கி, ஸ்பேனர் பிடிக்க வந்து சேர்ந்தார். அவர் அவளை அம்மிணி என்பார். அவள் அவரை அண்ணா என்பாள். பந்தியில் அவருக்குத்தான் முதல் இலை. பட்டறையில் அவள் சொன்னதுதான் சட்டம்.

ராக்கியப்பனுக்கு ஒரே ஓர் ஆசை. சொந்தப் பட்டறை. இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டார். ஆனால் கலாமணி வாயால் சொல்லாமல் போகமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். கற்றுக்கொண்ட மறுநாளே எதிரில் கடை போடுகிற ஊரில் இப்படியும் ஒருத்தர்.

ஒரு நாள் கேட்டுவிட்டார்.

"அம்மிணி, எனக்கு வேல கைவந்துருச்சுன்னு எப்பத் தெரியுமுங்க?"

கலாமணி கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்து வர்ற வண்டி உங்குளுதுங்ணா. நீங்களே பாருங்க. நான் தொடமாட்டேன். குறுக்கயும் பேசமாட்டேன்."

"பொறகு?"

"பொறகு அந்த வண்டி சொல்லும்."

அடுத்து வந்த வண்டி, ஈச்சம்பள்ளம் செல்லாண்டியம்மன் கோயில் பிக்கப்.

ஈச்சம்பள்ளம் ராக்கியப்பன் பெண் எடுத்த ஊர். வண்டியில் வந்து இறங்கிய தர்மகர்த்தா சென்னியப்பன், ராக்கியப்பன் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். வெளியூரில் மானம் போனால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். மாமனார் ஊரில் போனால் வருசா வருசம் நோம்பித் திருவிழாவுக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

அந்த ஊரில் அதுவரை அம்மன் வலம் வந்தது மாட்டு வண்டிச் சப்பரத்தில். போன நோம்பியில் மேளச் சத்தத்துக்கு மாடு மிரண்டு, பூசாரி சாக்கடையில் விழுந்து எழுந்தார். அதோடு ஊர் கூடிப் பேசி பிக்கப் வாங்கியது. வாங்கியதில் யாருக்கும் வருத்தமில்லை. பூசாரிக்குச் சந்தோஷம்.

சென்னியப்பன் வண்டியைச் சுற்றி வந்தார்.

"பாரு மாப்ள. முன்னால பள்ளம், பின்னால மேடு. இதுல ஆத்தாளக் கொண்டாந்து வெச்சா தலகுனிஞ்சுட்டு வருவா. எங்க ஆத்தா ஆருக்குத் தல குனியோணும்?"

"ஆருக்கும் வேண்டாம் மச்சா."

"அப்ப மட்டமாப் பண்ணிக் குடு. டயரும் பெருசாப் போட்டுரு. கோயலுக்குப் போற தடத்துல பூராக் கல்லு."

"அட, அதுக்கென்ன மச்சா. பண்ணீரலாம்."

கலாமணி ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தாள். பேச்சு கேட்டது. வெளியே வரவில்லை.

ராக்கியப்பன் வேலையில் இறங்கினார். குறை சொல்ல முடியாத வேலை. முன் ஸ்பிரிங் இரண்டின் தலையிலும் கனமான இரும்பு வளையம் வைத்து முன்பக்கத்தை நிமிர்த்தினார். பழசைவிட நாலு விரல் உயரமான டயர்களை மாட்டினார். ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஒடித்துப் பார்த்தார். மட்கார்டுக்குள் உரசின இடத்தை அறுத்து வழித்தார். இனி உரசவில்லை என்று ஆனதும் நூல் பிடித்துச் சக்கரங்களை நேராக்கினார். பவானி ரோட்டில் ஒரு நடை ஓட்டிவிட்டு வந்தார். வண்டி வெண்ணெயாக ஓடியது.

கடைசியில் கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வந்து வண்டியின் பக்கவாட்டுப் பலகைமேல் வைத்தார். குமிழி ஒரு கணம் அலைந்துவிட்டு நடுக்கோட்டில் வந்து உட்கார்ந்தது.

டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். வண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. ஓட்டிப் பழகியவர்களுக்கே ஆசை வரும்படி நின்றது.

"எப்பிடீங்க அம்மிணி?"

கலாமணி ஒரு சுற்றுச் சுற்றினாள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை விட்டு எடுத்தாள். ரசமட்டத்தைப் பார்த்தாள்.

"அழகா இருக்குதுங்ணா."

"அவ்வளவுதானுங்ளா?"

"அவ்வளவுதானுங்ணா."

அன்றைக்கு ராக்கியப்பனுக்குச் சோறு இரண்டு மடங்கு இறங்கியது. அழகாக இருக்கிறது என்று கலாமணி அதுவரை எதையும் சொன்னதில்லை. பட்டறை போர்டுக்கு மஞ்சள் அடிப்பதா நீலம் அடிப்பதா என்று மனைவியிடம் பேசிக்கொண்டே தூங்கிப்போனார். வண்டியைச் சென்னியப்பன் ஓட்டிப் போனார். பழைய டயர்களையும் விடாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டார். "நம்முளுத எதுக்கு உட்டுட்டுப் போறது?" என்பது அவர் கொள்கை.

நோம்பிக்கு முந்தின வெள்ளிக்கிழமை வெள்ளோட்டம். அம்மனை ஏற்றாமல் வண்டியை மட்டும் ஒரு சுற்று விட்டுப் பார்ப்பது. வேலை செய்தவர்தான் ஓட்ட வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். ராக்கியப்பன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார். கலாமணியையும் கையோடு அழைத்துப் போனார். குருவின் கண்முன் ஜெயிப்பது தனி ருசி அல்லவா?

ஈச்சம்பள்ளத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. வெள்ளோட்டத்தில் அம்மன் உட்காரும் பீடத்தில் விளிம்பு வரைக்கும் நீர் நிறைத்த குடம் வைப்பார்கள். வண்டி ஓடும்போது தளும்பிச் சிந்தினால் அது ஆத்தாள் தெளிக்கிற தீர்த்தம். ஊரே தலையை நீட்டி வாங்கிக்கொள்ளும். நின்ற இடத்திலேயே ஒரு பக்கமாக வழிந்தால் மட்டும் ஆகாது. வழிந்தால், வண்டியில் வேலை செய்தவன் பேர் கெட்டது என்று அர்த்தம்.

பூசாரி வண்டியில் இருந்த பீடத்தில் குடத்தை வைத்து நிறைத்தார். நீர் விளிம்போடு விளிம்பாக நின்றது. சுற்றிலும் ஒரே அளவு. கோணல் தேடி வந்தவர்களுக்கு ஏமாற்றம்.

"பாத்துக்குங்க!" என்றார் சென்னியப்பன் ஊரைப் பார்த்து. "என்ற மாப்ள வேல!"

ராக்கியப்பன் கலாமணியை ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் வேப்பமரத்தடியில் நின்று மோர் குடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சப்பரத்தின் தேக்குச் சட்டத்தைத் தூக்கி வந்து வண்டியின் பின்தட்டில் இறக்கினார்கள். ஜெனரேட்டரை ஏற்றினார்கள். ஒலிபெருக்கிப் பெட்டிகளை ஏற்றினார்கள். மேளக்காரர்கள் ஏறினார்கள். பூசாரி ஏறிக் குடத்துக்குப் பின்னால் உட்கார்ந்தார். சாக்கடையில் விழுந்த அனுபவம் இருந்ததால் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

வண்டியின் பின்பக்கம் இறங்கியது. ஏற்கெனவே நிமிர்ந்திருந்த முன்பக்கம் இன்னும் நிமிர்ந்தது.

குடம் சாய்ந்தது. நீர் பின்பக்கமாக வழிந்து பூசாரியின் மடியை நனைத்தது.

"அய்யோ, ஆத்தா வானத்தப் பாக்கறாளே!" என்று பூசாரி கத்தினார்.

கூட்டத்தில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒருத்தி பொத்தாமலே சிரித்தாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

"மாப்ள, என்ன இது?" என்றார் சென்னியப்பன்.

"ஏறும்போது கொஞ்சம் ஆடுமுங்க மச்சா. எடுத்தா செரியாப் போயிரும்."

சரியாகப் போகாது என்று ராக்கியப்பனுக்கே தெரிந்தது. ஆனாலும் சாவியைத் திருப்பினார். ஆசைப்பட்டவன் அவ்வளவு சீக்கிரம் கீழே இறங்குவானா?

வண்டி நகர்ந்ததும் கையிலேயே வித்தியாசம் தெரிந்தது. ஸ்டீயரிங் காற்றாக இருந்தது. முன்சக்கரம் ரோட்டை அழுத்திப் பிடிக்கவில்லை. நேர் தடத்தில் சமாளித்துக்கொண்டு போனார். கிணற்று முக்கு வந்தது. ஒரு பக்கம் கிணற்றுச் சுவர், இன்னொரு பக்கம் சாக்கடைமேல் போட்ட கல். நடுவில் ஒடித்துத் திருப்ப வேண்டும்.

ஒடித்தார். வண்டி நினைத்த இடத்தில் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் அகலமாகப் போய், இடது முன்சக்கரம் கல்மேல் ஏறியது. ஏறின சக்கரம் மட்கார்டுக்குள் மேலே போய் இரும்பைக் கவ்வியது. சமதரையில் ஒடித்துப் பார்த்தபோது உரசாத டயர் அங்கே உரசியது. ஆட்டை அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது.

மேளமும் நின்றது.

ராக்கியப்பன் கீழே இறங்கினார். முகம் சுண்டிப்போயிருந்தது. அவர் கண் முதலில் தேடியது கலாமணியைத்தான். அவள் கூட்டத்தோடு நடந்து வந்திருந்தாள்.

"அம்மிணி, பட்டறையிலயே தெரியுமில்லீங்க உங்களுக்கு?"

"தெரியுமுங்ணா."

"அப்பறம் எதுக்கு அழகா இருக்குதுன்னு சொன்னீங்க?"

"அழகாத்தானுங்ணா இருந்துது."

அவருக்குக் கோபம் வந்தது. வரத்தான் செய்யும். பத்துப் பேர் பார்க்க மானம் போகும்போது எதிரில் ஒருத்தி மோர்ச் சொம்போடு நின்றால் யாருக்குத்தான் வராது?

"ஊரே சிரிக்குதுங்க. இப்பவாச்சும் ஒரு வார்த்த சொல்லுங்க."

"குறுக்க பேசமாட்டேன்னு சொல்லீருக்கேனுங்ணா."

ராக்கியப்பன் துண்டை உதறிக் கட்டினார். வண்டியைப் பின்னுக்கு நகர்த்தி மட்டமான இடத்தில் நிறுத்தி, கையோடு கொண்டுவந்திருந்த சாமான் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தார்.

"எல்லாரும் எறங்குங்க! சட்டத்த எறக்குங்க, ஜெனரேட்டர எறக்குங்க. நான் அளந்து பாக்கோணும்."

மேளக்காரர்கள் இறங்கினார்கள். பூசாரி நன்றாக நனைந்த வேட்டியோடு இறங்கினார்.

அவர்கள் இறங்கிய வழியில் கலாமணி ஏறினாள். ஏறி, ஜெனரேட்டர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மிணி, எறங்குங்க. வண்டிய அளக்கோணும்."

அவள் இறங்கவில்லை.

"அம்மிணி!"

அவள் சேலைத் தலைப்பை இழுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டாள். வெயில் ஏறியிருந்தது. நீண்ட நேரம் உட்காரப் போகிறவள்போல இருந்தாள்.

ராக்கியப்பன் அவளைப் பார்த்தார். ஜெனரேட்டரைப் பார்த்தார். இறங்கி நின்ற மேளக்காரர்களைப் பார்த்தார். கையில் இருந்த ரசமட்டத்தைப் பார்த்தார்.

பிறகு திரும்பி ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், கிணற்றில் தண்ணீர் எடுத்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எல்லாரும் ஏறுங்க!"

"இப்பத்தான எறங்கச் சொன்ன?" என்றார் பூசாரி.

"ஏறுங்க சாமி. ஆரும் பாக்கி இருக்கக் கூடாது. ஆத்தா எடைக்கு ரண்டு மூட்டை நெல்லு கொண்டாங்க. கொடத்த ரொப்புங்க."

எல்லோரும் ஏறினார்கள். நெல் மூட்டைகள் பீடத்துக்கு இரு பக்கமும் வந்து உட்கார்ந்தன. வண்டி எவ்வளவு இறங்க வேண்டுமோ அவ்வளவு இறங்கியது. அப்போதுதான் ரசமட்டத்தைப் பலகைமேல் வைத்தார். குமிழி முன்னால் ஓடி முட்டிக்கொண்டு நின்றது. முன்பக்கம் எவ்வளவு இறங்கினால் குமிழி நடுவுக்கு வரும் என்று கணக்குப் போட்டுச் சாக்பீஸால் கோடு போட்டார்.

அவர் வைத்த வளையத்தின் கனமேதான் வந்தது.

பிறகு எல்லோரையும் இறக்கினார். இப்போது கலாமணியும் பேசாமல் இறங்கினாள்.

ஜாக்கி போட்டார். வளையங்களைக் கழற்றினார். முன்பக்கம் தாழ்ந்துவிட்டால் பெரிய டயர் இன்னும் உரசும் என்பது சொல்லாமலே தெரிந்தது.

"மச்சா, பழைய டயரு எங்க?"

"என்ற ஊட்டுத் தாவாரத்துல கெடக்குது. எதுக்கு?"

"கொண்டாரச் சொல்லுங்க."

"அப்பக் கல்லுத் தடத்துக்கு என்னப்பா பண்றது?"

"கல்ல எடுத்து அக்கட்டால போடுங்க. கடப்பாரை இல்லாத ஊருங்ளா இது?"

மாப்பிள்ளை இப்படிப் பேசிச் சென்னியப்பன் கேட்டதில்லை. கால் மணி நேரத்தில் ஊர் ஆண்கள் முணுமுணுத்துக்கொண்டே கடப்பாரையோடு தடத்துக்குப் போனார்கள். தலைமுறை தலைமுறையாகக் காலை இடறிக்கொண்டிருந்த கற்கள் பொழுது சாய்வதற்குள் ஓரத்தில் கிடந்தன. பெரிய டயர் போட்டிருந்தால் அவை இன்னும் அங்கேயேதான் கிடந்திருக்கும்.

டயர் மாட்டி, மறுபடி நூல் பிடித்து முடித்தபோது ராக்கியப்பனின் வெள்ளை வேட்டி பார்க்கிற மாதிரி இல்லை.

மறுபடியும் ஏற்றினார்கள். சட்டம், ஜெனரேட்டர், பெட்டிகள், மூட்டைகள், மேளக்காரர்கள். பூசாரி இந்தத் தடவை குடத்திலிருந்து நகர்ந்தே உட்கார்ந்தார். குடத்தை விளிம்பு வரைக்கும் நிறைத்தார்கள்.

ஒரு சொட்டு வழியவில்லை.

ராக்கியப்பன் வண்டியை எடுத்தார். ஸ்டீயரிங் கைக்குக் கனமாக, அடக்கமாக வந்தது. கிணற்று முக்கில் ஒடித்தார். சொன்ன இடத்தில் திரும்பியது. வேண்டுமென்றே ஒரு சக்கரத்தைக் கல்மேல் ஏற்றி இறக்கிப் பார்த்தார். சத்தமே இல்லை. அப்போது குடம் தளும்பி நாலு பக்கமும் சிந்தியது. பெண்கள் ஓடி வந்து தலையில் வாங்கிக்கொண்டார்கள். காலையில் சிரித்த இருவரும் முன்வரிசையில் நின்றார்கள்.

வெள்ளோட்டம் கோயில் வாசலில் முடிந்தது. குலவை போட்டார்கள். சென்னியப்பன் மாப்பிள்ளைக்கு மாலை போட்டார். ராக்கியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு எல்லாவற்றையும் இறக்கினார்கள். எல்லோரும் இறங்கினார்கள்.

காலி வண்டியின் பின்பக்கம் மெல்ல எழும்பியது. முன்பக்கம் பழையபடி தாழ்ந்து நின்றது. சின்னச் சின்ன டயர்கள். ஒரு பக்கம் அறுத்து வழித்த மட்கார்டு. காலையில் இருந்த கம்பீரம் மருந்துக்கும் இல்லை.

சென்னியப்பனால் சும்மா இருக்க முடியவில்லை. மாலை போட்ட கை காய்வதற்குள் கேட்டார்.

"ஏன் மாப்ள, வண்டி என்ன, புல்லு மேயுதா?"

மறுபடியும் சிரிப்பு. ராக்கியப்பன் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார். கலாமணி பக்கத்தில் வந்தாள்.

"பட்டறைக்கு என்ன பேருங்ணா வெக்கப் போறீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கிண்டல் செய்யவில்லை.

"போகலாமுங்ளா அம்மிணி?"

"வண்டி சொல்லீருச்சுங்ளே."

"என்னத்தச் சொல்லுச்சு? நிக்கற நெலமையப் பாருங்க." அவர் குரல் இறங்கிவிட்டது. "நோம்பி நாலு நாளு. மிச்ச நாளெல்லாம் இப்பிடியேதான் கோயல் முன்னால நிக்கும். போறவன் வர்றவன் பூராப் பாப்பான். ஆரு பண்ணுன வேலைன்னு கேப்பான். இதப் பாத்துட்டு எவனுங்க எம்பட்டறைக்கு வருவான்?"

கலாமணி வண்டியைப் பார்த்தாள்.

"வெறும் வண்டியப் பாத்து ஆருங்ணா கையெடுத்துக் கும்புடறாங்க?"